சி டிரைவில் காலி இடம் தானாகக் குறைகிறது, தானாகக் கூடுகிறது: காரணம் தேடும் இழை

4 மே 2025, இரவு 9.15

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதை அப்படியே வைக்கிறேன்.

"அக்கா, வீட்டுக் கம்ப்யூட்டரில் சி டிரைவில் காலையில் 41 ஜிபி காலி இருந்தது. மதியம் பார்த்தால் 24. நான் எதையும் டவுன்லோட் செய்யவில்லை, காப்பியும் செய்யவில்லை. இரவு ஷட்டவுன் செய்துவிட்டு மறுநாள் போட்டாலும் அதே 24, 25தான். ஒருநாள் மட்டும் திடீரென்று 39 ஆனது. சர்வீஸ் கடையில் வைரஸ் என்கிறார்கள், ஃபார்மட் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. போட்டுவிடலாமா?"

வேண்டாம். இப்போதைக்கு ஒரு ஃபைலைக்கூட அழிக்க வேண்டாம். போன இடம் திரும்பி வருகிறது என்றால், ஏதோ ஒரு புரோகிராம் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டு பிறகு விட்டுவிடுகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வைரஸ் என்ற எண்ணம் அதற்கெல்லாம் பிறகு வரட்டும்.

எங்கள் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் இதே காரணத்துக்காக ஃபார்மட் போட்டுக்கொண்டு வந்தார்கள். இறந்துபோன பெரியவரின் குரல் பதிவுகள் டெஸ்க்டாப்பில் இருந்தன. எல்லாம் போய்விட்டது. இடம் குறைவதோ, கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அதே வாரம் மறுபடி ஆரம்பித்தது. இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் வந்தது அதற்குப் பிறகுதான்.

தம்பி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். 39 ஆன அன்றைக்கு நீங்கள் செய்தது ஷட்டவுனா, ரீஸ்டார்ட்டா?

4 மே 2025, இரவு 10.05

பதில் வந்துவிட்டது: "அப்டேட் வந்து அதுவே ரீஸ்டார்ட் ஆச்சு அக்கா."

பாதி விடை இதிலேயே இருக்கிறது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது: காலையில் ஒருமுறை, மதியம் இடம் குறைந்த பிறகு ஒருமுறை, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் 'கமிட்டட்' என்ற இடத்தில் உள்ள இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள்.

5 மே 2025

ஷட்டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒன்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் அப்படி இல்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது நம் புரோகிராம்கள் மூடப்படும். விண்டோஸின் உள் பகுதி மட்டும் மூடப்படாமல், அப்போதிருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதே நிலையில் எழுந்துகொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஷட்டவுனில் திரும்பாத இடம் ரீஸ்டார்ட்டில் திரும்பினால் நான் முதலில் சந்தேகப்படுவது பேஜ்ஃபைலைத்தான்.

பேஜ்ஃபைல் என்பது ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் வைத்துக்கொள்ளும் கூடுதல் இடம். அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால், தேவைக்கேற்ப ராமின் 3 மடங்கு வரைகூட வளரும். 8 ஜிபி ராம் என்றால் 24 ஜிபி. நம் கணக்கில் அது எந்த ஃபோல்டரிலும் தெரியாது, ஏனென்றால் மறைக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல். வளர்ந்தது பெரும்பாலும் ரீஸ்டார்ட்டில்தான் சுருங்கும்.

கமிட்டட்டில் இரண்டாவது எண் ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த மொத்தம். பகலில் அந்த இரண்டாவது எண் ஏறியிருந்தால் பேஜ்ஃபைல் வளர்ந்திருக்கிறது. இதைப் பார்க்கத் தனியாக எந்த சாஃப்ட்வேரும் போட வேண்டியதில்லை.

6 மே 2025

தம்பி அனுப்பியது: காலையில் 6.1 / 9.9. மதியம் 19.8 / 23.7.

ராமில் பயன்படுத்தக் கிடைப்பது 7.9 என்று அவர் கம்ப்யூட்டர் காட்டுகிறது. அப்படியென்றால் காலையில் பேஜ்ஃபைல் 2 ஜிபி, மதியம் 15.8 ஜிபி. வித்தியாசம் 13.8. அவர் இழந்தது 17. ஆக, பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. சுமார் 3 ஜிபிக்குத்தான் இன்னும் கணக்கு வர வேண்டும்.

இவ்வளவு மெமரியைக் கேட்பது யார்? டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் மேலே உள்ள தலைப்பில் ரைட் கிளிக் செய்து, 'கமிட் சைஸ்' என்ற பத்தியைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். வழக்கமாகப் பார்க்கும் மெமரி பத்தியில் இது தெரியாது. ஒரு புரோகிராம் ராமில் கொஞ்சமாக இருந்துகொண்டு மீதியையெல்லாம் பேஜ்ஃபைலுக்குத் தள்ளியிருக்கலாம்.

6 மே 2025, மாலை

பிடிபட்டது. ஒரு வீடியோ எடிட்டிங் புரோகிராம். சன்னலை மூடினாலும் அது மூடவில்லை. கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ரைட் கிளிக் செய்து வெளியேறச் சொன்னேன். இப்போது ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மதியம்கூட 37க்குக் கீழே போகவில்லையாம்.

37 சரி. ஆனால் 41 எங்கே?

8 மே 2025

அந்த மீதிக்குக் காரணம் தேட ஒரே வழி நேரத்தோடு எழுதி வைப்பதுதான். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. 'எவ்வளவு குறைந்தது' என்பதைவிட 'எப்போது குறைந்தது' என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

விண்டோஸிலேயே கட்டளைகளை டைப் செய்து ஓட்டும் பவர்ஷெல்லில் கெட்-வால்யூம் என்ற கட்டளை காலி இடத்தைச் சொல்லும். அதைத் தேதி, நேரத்தோடு சேர்த்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒவ்வொரு வரியாக எழுதும்படி வைத்து, டாஸ்க் ஷெட்யூலரில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். எழுதும் ஃபைலை டி டிரைவில் வையுங்கள், அளக்கிற இடத்தில் எழுத வேண்டாம். இது வராதவர்கள் ஒரு நோட்டில் காலை, மதியம், இரவு எழுதினாலே போதும். பக்கத்தில் அன்று என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு வாரம் எழுதினால் தெரிந்துவிடும். திடீரென்று பெரிதாகக் குறைந்து ரீஸ்டார்ட்டில் திரும்பினால் பேஜ்ஃபைல். ஒரு குறிப்பிட்ட புரோகிராமைத் திறந்ததும் குறைந்து மூடியதும் திரும்பினால் அந்தப் புரோகிராமின் தற்காலிக ஃபைல். இரவில் ஆள் இல்லாதபோது பல ஜிபி குறைந்தால் அப்டேட் இறங்குகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து திரும்பவே திரும்பாவிட்டால், எங்கேயோ ஒரு ஃபோல்டரில் ஏதோ சேர்ந்துகொண்டே இருக்கிறது.

11 மே 2025

ஆம்பூரிலிருந்து ஒருவர்: சி டிரைவில் இருக்கும் எல்லா ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் 160 ஜிபி, டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் 205 ஜிபி பயன்பாடு என்று வருகிறது, 45 ஜிபி எங்கே போனது என்று கேட்கிறார். 256 ஜிபி என்று விற்றுவிட்டு 238தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்றும் கேட்கிறார்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். ஏமாற்று இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 107,37,41,824 பைட் என்று கணக்கிடுகிறது. அதனால் 256 என்பது 238 ஆகும், 512 என்பது 476 ஆகும், 1 டிபி என்பது 931 ஆகும்.

முதல் கேள்வி பெரியது. பாலாற்றில் மேலே பார்த்தால் மணல்தான், தண்ணீர் அடியில் ஓடுகிறது. ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும்போது நாம் மேல் மணலை மட்டும்தான் அளக்கிறோம். பேஜ்ஃபைல் மறைந்திருக்கிறது. ஹைபர்நேட்டுக்கான, அதாவது திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணைவதற்கான ஃபைலும் மறைந்திருக்கிறது. முழு அளவில் இருந்தால் ராமில் சுமார் 40 சதவீதம், அவருடைய 16 ஜிபி ராமுக்கு 6.4 ஜிபி. பழைய நிலைக்குத் திரும்புவதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் ரீஸ்டோர் பாயிண்டுகள் இருக்கும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டருக்குள் அட்மினிஸ்ட்ரேட்டருக்கே சாதாரணமாக அனுமதி இல்லை. அதன் அளவு பூஜ்யம் என்றுதான் காட்டும். அதே கம்ப்யூட்டரில் வேறு பெயரில் லாகின் செய்பவர்களின் ஃபைல்களும் இதே போலத்தான்.

பார்க்க இரண்டு வழி. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், அதில் 'சிஸ்டம் அண்ட் ரிசர்வ்ட்'. ஹைபர்நேஷன், வர்ச்சுவல் மெமரி, சிஸ்டம் ரீஸ்டோர் எல்லாம் தனித்தனியாக வரும். அது போதாவிட்டால், எந்த ஃபைல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ அல்லது வின்டர்ஸ்டாட் புரோகிராம். எதுவானாலும் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் மணலைத்தான் அளக்கும். விஸ்ட்ரீ டிஸ்கின் ஃபைல் பட்டியலை நேரடியாகப் படிப்பதால் சில நொடியில் முடித்துவிடும்.

11 மே 2025, பிற்பகல்

விட்டுப்போன ஒன்று. சில இடங்களில் கணக்கு தலைகீழாகவும் வரும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் பார்க்கப் பூதாகரமாக இருக்கும். அதில் உள்ள பல ஃபைல்களும் சிஸ்டம்32இல் உள்ள ஃபைல்களும் ஒரே ஃபைல்தான், இரண்டு பெயர்களில் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணிவிடும். அதைக் கையால் அழிக்கவே கூடாது. அழித்தால் கம்ப்யூட்டர் எழாமலே போகலாம்.

16 மே 2025

வைகாசி பிறந்துவிட்டது. எனக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்கு மேல். வீட்டிலேயே டைப்செட்டிங், டிசைன் செய்து லாங் பஜார் பக்கம் பிரஸ்ஸுக்கு அனுப்புகிறவள் நான். இந்த மாதம் முழுக்க என் கம்ப்யூட்டரிலும் காலி இடம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் இன்றைக்கு என் பதிவேட்டையே எழுதுகிறேன்.

காலை 10 மணிக்கு 52 ஜிபி. பேனர் ஒன்றைப் போட்டோஷாப்பில் திறந்து லேயர் மேல் லேயராக வேலை செய்ததும் 11.30க்கு 29. போட்டோஷாப் ராமுக்கு மேல் தேவைப்படுவதையும், நாம் அன்டூ செய்வதற்காக வைத்திருக்கும் பழைய நிலைகளையும் ஸ்கிராட்ச் ஃபைல் என்று டிஸ்கில் எழுதும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் சி டிரைவில்தான் எழுதும். மூடினால் அழித்துவிடும். இதுவரை நியாயம்.

கத்திரி வெயிலில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நேற்று மதியம் போனது. யூபிஎஸ் பேட்டரி பழையது, நான் சேவ் செய்து முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி போட்டபோது காலி இடம் 31. ரீஸ்டார்ட் செய்தேன், 31. பேஜ்ஃபைல் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், டெம்ப் என்று போய்ப் பார்த்தால் 'போட்டோஷாப் டெம்ப்' என்று ஆரம்பிக்கும் ஒரே ஒரு ஃபைல், 20 ஜிபிக்கும் மேல். அழிக்க வேண்டிய புரோகிராம் அழிப்பதற்கு முன்பே உயிரை விட்டதால் தங்கிவிட்டது.

போட்டோஷாப்பை மூடிவிட்டு அதை அழித்தேன். 51 ஆனது.

டிசைன் வேலை செய்கிறவர்கள் எல்லோரும், கரண்ட் போன ஒவ்வொரு முறைக்குப் பிறகும் அந்த ஃபோல்டரை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பிரிஃபரன்ஸில் ஸ்கிராட்ச் டிஸ்க்கை வேறு டிரைவுக்கு மாற்றினால் சி தப்பிக்கும். மாற்றும் இடம் எஸ்எஸ்டியாக இருந்தால் நல்லது. பழைய ஹார்டு டிஸ்க்கில் வேலை மெதுவாகிவிடும்.

16 மே 2025, இரவு

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் வீட்டில், விஸ்ட்ரீ காட்டும் கூட்டலும் டிரைவ் காட்டும் பயன்பாடும் கடைசி வரை ஒத்துப்போகாவிட்டால், டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் போய் எரர் செக்கிங் ஒருமுறை ஓட்டுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், யாருடையது என்று தெரியாத துண்டுகள் 'பயன்பாட்டில்' என்று குறிக்கப்பட்டே கிடக்கலாம். அது முடிந்ததும் ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர் வரலாம். உள்ளே திறந்து பார்த்துவிட்டு, உங்களுடையது எதுவும் இல்லையென்றால் அழிக்கலாம்.

20 மே 2025

குடியாத்தம் தம்பியின் மீதி ஜிபிக்கு விடை கிடைத்தது.

அவருடைய பதிவேட்டில் தினமும் கொஞ்சம் குறைகிறது, திரும்பவில்லை. 15ஆம் தேதி மட்டும் ஒரே இரவில் 9 ஜிபி போயிருக்கிறது. அன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டேன். "கெங்கையம்மன் சிரசு அக்கா!" வைகாசி முதல் நாள் ஊரே தெருவில் இருக்கும். அவரும் தங்கையும் போனில் வீடியோவாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். 4கே வீடியோ நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான எம்பி போகும். போனிலிருந்து கிளவுடுக்கு ஏறுகிறது. அதே கணக்கு கம்ப்யூட்டரிலும் போட்டிருப்பதால் அங்கிருந்து சி டிரைவில் இறங்குகிறது. இவர் கையால் எதையும் காப்பி செய்யவில்லை என்பது உண்மைதான்.

ஒன்டிரைவில் 'ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்' இருக்கிறது. ஃபைலின் பெயர் மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கும், திறந்தால்தான் இறங்கும். ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் இறங்கியது திரும்பவும் பெயராக மாறும். அதை 'டெலீட்' என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், டெலீட் கொடுத்தால் போனிலிருந்து ஏறியதும் சேர்ந்து போகும். இந்த ஒரு வித்தியாசத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

தம்பி வீடியோக்களை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து வைத்துவிட்டு அப்புறம்தான் இதைச் செய்தார். அந்த வரிசை சரியான வரிசை.

27 மே 2025

வாலாஜாவிலிருந்து ஒரு அம்மா, எதிர்ப்பக்கத்துக் கேள்வி: காலி இடம் தானாக 12 ஜிபி கூடியிருக்கிறது, பேரனின் படங்கள் ஏதாவது அழிந்துவிட்டதா என்று பயந்துபோய்க் கேட்கிறார்.

அம்மா, பயப்படாதீர்கள். பெரும்பாலும் இது ரீஸ்டோர் பாயிண்ட். விண்டோஸ் அப்டேட்டுக்கு முன்பு பழைய நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு டிஸ்கில் எந்தப் பகுதி மாறினாலும், மாறுவதற்கு முன்பிருந்ததை எடுத்து ஒதுக்கி வைக்கும். அதனால் நீங்கள் புதிதாக எதுவும் சேர்க்காவிட்டாலும், இருப்பதை மாற்றினாலே இடம் குறையும். ஒதுக்கிய அளவு நிறைந்ததும், அல்லது டிரைவே நிறைய ஆரம்பித்ததும் பழைய பாயிண்டுகளைத் தூக்கிப்போடும். அப்போது பல ஜிபி ஒரே நொடியில் கூடும். படங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். ஸ்டோரேஜ் சென்ஸ் ஆனில் இருந்தால் ரீசைக்கிள் பின்னில் 30 நாளைத் தாண்டியதை அழிக்கும். அதே பக்கத்தில் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அது 'நெவர்' என்றே இருக்கட்டும். வாட்ஸ்அப்பிலிருந்து சேமித்த படங்களை டவுன்லோட்ஸிலேயே விட்டுவைக்கும் வீடுகள் நம்மூரில் ஏராளம்.

28 மே 2025

அம்மா படங்களை எண்ணிப் பார்த்துவிட்டாராம். எல்லாம் இருக்கிறது. நிம்மதி.

3 ஜூன் 2025

காட்பாடியிலிருந்து ஒரு மாணவர், இவ்வளவு தொல்லை எதற்கு, பேஜ்ஃபைலையே ஆஃப் செய்துவிட்டால் முடிந்ததே என்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விண்டோஸ் ஒரு புரோகிராமுக்கு மெமரி தருவதாக வாக்குக் கொடுக்கும்போது ராமையும் பேஜ்ஃபைலையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்கிறது. பேஜ்ஃபைல் இல்லையென்றால், ராமில் இன்னும் இடம் இருக்கும்போதே 'மெமரி போதவில்லை' என்று புரோகிராம் விழுந்துவிடலாம். சேவ் செய்யாத வேலையோடு விழும். 10 ஜிபி மிச்சப்படுத்தப் போய் ஒரு நாள் உழைப்பை இழக்க வேண்டாம். இடம் தேவைதான் என்றால் வேறொரு எஸ்எஸ்டி டிரைவுக்கு மாற்றலாம்.

5ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: 3 மடங்கு என்பது மேல் எல்லை என்றாலும், டிரைவின் அளவில் எட்டில் ஒரு பங்குக்குள் அடக்கும் இன்னொரு வரம்பும் உண்டு. 238 ஜிபி டிரைவில் அது சுமார் 30. 32 ஜிபி ராம் வைத்திருப்பவர்கள் 96 ஜிபி போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டாம்.

ஹைபர்நேட் வேறு விஷயம். அதைப் பயன்படுத்தாதவர்கள், டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், அதை ஆஃப் செய்தால் அந்த ஃபைல் முழுதும் போய்விடும். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகும். கம்ப்யூட்டர் எழுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகலாம், ஆனால் ஷட்டவுன் நிஜமான ஷட்டவுனாக இருக்கும். நான் ஆஃப் செய்துதான் வைத்திருக்கிறேன்.

14 ஜூன் 2025

இன்றைக்கு இன்னொரு பிரஸ்காரரின் கம்ப்யூட்டரில் பார்த்தது. டெம்ப் சுத்தம், பேஜ்ஃபைல் சரி, இருந்தும் சில ஜிபி குறைகிறது. சிஸ்டம்32க்குள் ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் முடியாத பிரிண்ட் வேலைகள் அடுக்காகக் கிடந்தன. பெரிய படத்தைப் பிரிண்ட் கொடுத்தால், அசல் ஃபைலைவிடப் பல மடங்கு பெரிதாக அங்கே எழுதப்படும். பேப்பர் சிக்கி நடுவில் நிறுத்தியது, பிரிண்டரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டியது, எல்லாம் தங்கிவிடும். பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, உள்ளே இருப்பதை அழித்து, மறுபடி ஆரம்பித்தால் சரி. பிரிண்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'கீப் பிரிண்டட் டாக்குமெண்ட்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது டிக் ஆகியிருந்தால் முடிந்த வேலையும் அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

21 ஜூலை 2025

ஆடி வந்துவிட்டது, முகூர்த்தம் இல்லை. ரத்தினகிரி ஆடிக் கிருத்திகைக்கு அன்னதான நோட்டீஸ் ஒன்றிரண்டு, அவ்வளவுதான் வேலை. அதனால் பழைய கேள்விகளுக்கு வருகிறேன்.

ஆற்காட்டில் இன்னும் விண்டோஸ் 7 ஓட்டும் ஒரு பெரியவர், அழிக்க அழிக்க டெம்ப் ஃபோல்டர் நிறைகிறது என்று எழுதியிருந்தார். விண்டோஸுக்குள் இருக்கும் டெம்ப்பில் 'கேப்' என்று ஆரம்பிக்கும் ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்கிறார். ஐயா, காரணம் அங்கே இல்லை, லாக்ஸ் ஃபோல்டருக்குள் சிபிஎஸ் என்பதில் உள்ள பதிவு ஃபைலில் இருக்கிறது. அந்தப் பதிவு ஃபைல் பெரிதானதும் விண்டோஸ் அதைச் சுருக்கி வைக்கப் பார்க்கும். 2 ஜிபியைத் தாண்டிவிட்டால் சுருக்க முடியாது. பாதியில் தோற்று, பாதி எழுதியதை டெம்ப்பில் விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். டெம்ப்பை மட்டும் அழித்துக்கொண்டிருந்தால் ஆயுள் முழுக்க அழிக்கலாம். அந்தப் பெரிய பதிவு ஃபைலை அழித்தால்தான் நிற்கும்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 முதல் பாதுகாப்பு அப்டேட் கிடையாது. வங்கி வேலையை மட்டும் அதில் செய்ய வேண்டாம் ஐயா.

2 ஆகஸ்ட் 2025

லினக்ஸ் கேள்வி ஒன்று வந்தது, மகிழ்ச்சி. அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் வைத்திருக்கும் ஒரு தங்கை. நம் சென்னை சி-டாக்கில் உருவானது அது. பெரிய ஃபைலை அழித்தும் இடம் கூடவில்லையாம். லினக்ஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அழித்தால் பெயர் மட்டும்தான் போகும். அந்தப் புரோகிராம் மூடும்வரை இடம் திரும்பாது. ரீஸ்டார்ட் செய்ததும் கிடைத்துவிட்டது. இன்னொன்று: லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் 5 சதவீதம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று வழக்கமாக ஒதுக்கப்பட்டிருக்கும். பயன்பட்டதையும் காலியையும் கூட்டினால் மொத்தம் வராததற்கு அதுதான் காரணம்.

17 ஆகஸ்ட் 2025

பென் டிரைவ் கேள்வி. தமிழ் ஃபான்ட், பார்டர், சின்னச் சின்னப் படங்கள் என்று ஒரு ஃபோல்டர். கம்ப்யூட்டரில் சில நூறு எம்பிதான், 64 ஜிபி பென் டிரைவில் போட்டால் பல மடங்கு இடம் பிடிக்கிறதாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட பென் டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் வழக்கமாக 128 கேபி துண்டுகளாகத்தான் இடம் தரும். 2 கேபி ஃபைலுக்கும் ஒரு முழுத் துண்டு. கம்ப்யூட்டரில் உள்ள என்டிஎஃப்எஸ்ஸில் துண்டு 4 கேபி. 2 கேபி அளவில் 10,000 ஃபைல் இருந்தால் இங்கே சுமார் 40 எம்பி, அங்கே 1.2 ஜிபி. ஒரே ஜிப் ஃபைலாக்கிப் போடுங்கள், காப்பி ஆவதும் வேகமாக முடியும்.

19 அக்டோபர் 2025

விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 14ஆம் தேதியோடு முடிந்ததால், மாறுகிறவர்களின் கேள்விகள் குவிகின்றன. எல்லாம் ஒரே கேள்வி: விண்டோஸ் 11 போட்டதும் 20 ஜிபிக்கு மேல் போய்விட்டது.

பழைய விண்டோஸ் முழுவதும் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் வைக்கப்பட்டிருக்கிறது. 10 நாள் வரை பழையதுக்குத் திரும்பலாம், அப்புறம் அதுவே அழித்துக்கொள்ளும். அந்த 10 நாளுக்குள் உங்கள் பிரிண்டர், ஸ்கேனர், தமிழ்க் கீபோர்டு, பழைய ஃபான்டில் செய்த ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து ஓட்டிப் பாருங்கள். டிசைன் வேலை செய்பவர்கள் முக்கியமாக ஒரு பழைய பத்திரிகையைத் திறந்து பிரிண்ட் வரை போய்ப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் 'முந்தைய விண்டோஸ்' என்பதை டிக் செய்து முன்கூட்டியே அழிக்கலாம். அதே பட்டியலில் டவுன்லோட்ஸும் இருக்கும், அதை டிக் செய்துவிடாதீர்கள்.

திருப்பத்தூரிலிருந்து கேட்டவருக்கு: உங்கள் டிரைவில் 6 ஜிபிதான் காலி என்றால் இப்போது அப்டேட்டை ஆரம்பிக்க வேண்டாம். முதலில் விஸ்ட்ரீயை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மேலே வரும் பத்து ஃபைல்களின் பெயரை மட்டும் இங்கே எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.